ஜன்னலோரக் கிண்ணம்

நான் பூச்சி வளர்க்கிற நிலையத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டில் ஒரு கரப்பான் தலைகாட்டினால் செருப்பைத் தேடுகிற ஜனம், சுளிக்காமல் என்ன செய்யும்? நாங்கள் வளர்ப்பது பொறிவண்டு. பழத்தோட்டங்களில் பஞ்சை ஒட்டி வைத்ததுபோல் கிளைகளில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியை இந்த வண்டு தின்று தீர்த்துவிடும். தோட்டக்காரர்கள் டப்பா டப்பாவாக வாங்கிப் போவார்கள். வண்டு வளர அதற்குத் தின்ன மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சி வளர அதற்கு உறிஞ்சப் பூசணிக்காய் வேண்டும். ஆகவே இரும்பு அலமாரிகளில் பூசணிக்காய்களை அடுக்கி, அவற்றில் மாவுப்பூச்சியை விட்டு, அது கொழுத்ததும் அதன் தலையில் வண்டை விடுவதுதான் எங்கள் பிழைப்பு. பதினொரு வருடமாகச் செய்கிறேன். எனக்கு இதில் அருவருப்பு ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஒரே விரோதி எறும்பு. மாவுப்பூச்சி உறிஞ்சின சாற்றில் மிஞ்சியதை இனிப்புத் துளியாகப் பின்பக்கம் விடும். அந்தத் துளிக்காக எறும்பு எதுவும் செய்யும். தன் உணர்கொம்பால் பூச்சியின் முதுகை மெல்லத் தட்டும், பூச்சி ஒரு சொட்டு கொடுக்கும். குடித்த நன்றிக்கு எறும்பு காவல் நிற்கும். பொறிவண்டு பக்கத்தில் வந்தால் கடித்து விரட்டும், அதன் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகும், புழுக்களைக் குதறும். காய் வாடிவிட்டால் மாவுப்பூச்சிக் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு போய் நல்ல காயில் இறக்கிவிடும். பெற்ற தாய்கூட அவ்வளவு பதமாகத் தூக்கமாட்டாள். இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் அங்கே பிழைக்க முடியாது.

அதனால் ஒவ்வொரு அலமாரியின் நான்கு கால்களும் நான்கு கிண்ணத் தண்ணீரில் நிற்கும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. எதையும் அலமாரியின் மேல் சாய்த்து வைக்கக் கூடாது. துடைப்பமோ ஏணியோ சாய்ந்திருந்தால் எறும்புக்கு அது பாலம். இந்தச் சட்டத்தை எங்கள் அறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருமுறை ஒரு பெண் ஈரக் குடையை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும் அவளை உண்டு இல்லை என்று ஆக்கினேன். மறுமாதமே அவள் டப்பா கட்டும் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். இன்றைக்கும் அவளுக்கு அங்கே குடைக்காரி என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

சின்னவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான். சின்னவள் என்றால் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. வீட்டில் அவளுக்கு மறதி மூட்டை என்று பட்டம். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவாள், துவைத்த துணியைத் திரும்பவும் ஊறவைப்பாள். கொழுந்தன் நாலு பேர் நடுவில் அதைச் சொல்லிச் சிரிப்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள், வேறு என்ன செய்வாள். நிலையத்தில் வந்து சேர்ந்ததும் ஆளே மாறிப்போனாள். எங்கள் அறையின் நாற்பத்தெட்டுக் கிண்ணங்களும் அவள் பொறுப்பு. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, சுவரில் மாட்டிய தாளில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு டிக் போடுவாள். ஐந்து மாதத்தில் ஒரு கிண்ணம்கூடத் தவறியதில்லை. ஆறு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். வீட்டுக்கு வந்து கணக்காக அன்றைய டிக்குகளைப் பற்றிப் புருஷனிடம் சொல்வாள். அவன் கேட்கிறானோ இல்லையோ, அவள் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை விடாமல் மழை. காய்களை மூடுகிற மெல்லிய துணிகளைத் துவைத்து வைத்திருந்தோம், வெளியே காயப்போட வழியில்லை. திங்கட்கிழமை காலை அவை கட்டாயம் வேண்டும். சின்னவள் கிண்ணங்களை நிரப்பிவிட்டு என்னிடம் வந்து, குழந்தைக்கு உடம்பு சுடுகிறதாம், அரை மணி முன்னால் போகட்டுமா என்று கேட்டாள். நீ கிளம்பு என்று நான்தான் அனுப்பினேன். எல்லோரும் போன பிறகு ஒரு நைலான் கயிற்றை எடுத்து ஜன்னல் கம்பியிலிருந்து பக்கத்து அலமாரிக்குக் கொடி கட்டித் துணிகளைப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டேன். அரை மணியில் காய்ந்துவிடும், கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். துணிகள் காய்ந்தன. மடித்து வைத்தேன். கயிற்றை அவிழ்க்கவில்லை. மழை கொஞ்சம் விட்டது, பேருந்தைப் பிடிக்கிற அவசரம், கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் எப்போதும்போல் நான்தான் முதலில் வந்தேன். அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும். உள்ளே போய் விளக்கைப் போட்டேன். வெள்ளைக் கயிறு கறுப்பாக இருந்தது. இரண்டு வரிசை, ஒன்று போகிறது, ஒன்று வருகிறது. ஜன்னல் பக்கத்து நான்கு அலமாரிகளையும் மேலே ஒரே கம்பி இணைக்கும். நான்கிலும் எறும்பு. ஒவ்வொரு காயிலும் மாவுப்பூச்சிகளைச் சுற்றிக் காவல். இரண்டு மாத உழைப்பில் வந்த வண்டுப் புழுக்கள் பாதிக்கு மேல் காணோம். அலமாரியிலிருந்து திரும்புகிற வரிசையில் ஒவ்வொரு எறும்பின் வாயிலும் எங்கள் வண்டு முட்டைதான்.

கயிற்றை அவிழ்த்துச் சோப்பு வாளியில் அமுக்கினேன். அதுவரைக்கும் செய்தது தப்பை மறைக்கிற வேலை, எல்லோரும் செய்வதுதான். அப்புறம் கிண்ணங்களைப் பார்த்தேன். எல்லாம் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தன. சின்னவள் அப்படித்தான் நிரப்புவாள். கிண்ணம் இப்படி நிறைந்திருந்தால் எறும்பு எந்த வழியாக வந்தது என்று தேடுவார்கள். தேடினால் ஜன்னலைப் பார்ப்பார்கள், சனிக்கிழமை கடைசியாகப் போனது யார் என்று பார்ப்பார்கள். துணி யார் காயப்போட்டது என்று கேட்பார்கள். குடைக்காரி கேள்விப்படுவாள். எனக்கு அந்த நேரத்தில் வேலை போய்விடும் என்ற பயம்கூட வரவில்லை. குடைக்காரி சிரிப்பாளே என்றுதான் வந்தது. இவ்வளவு கேவலமான காரணம்தான் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் கூசுகிறது.

துடைக்கிற துணியை எடுத்து ஜன்னலோரக் கிண்ணத்தில் முக்கி வாளியில் பிழிந்தேன். திரும்ப முக்கினேன், பிழிந்தேன். மூன்றாவது தடவை அடிப்பாகத்தை ஒத்தி எடுத்தேன். ஒரு தடவை என்றால் கைதவறிச் செய்தேன் என்று சொல்லலாம். மூன்று தடவைக்கு எந்தச் சாக்கும் கிடையாது. கயிறு போனதும் தவித்துக்கொண்டிருந்த எறும்புகள் சற்று நேரத்தில் அலமாரிக் கால் வழியாக இறங்கி, காய்ந்த கிண்ணத்தைத் தாண்டி நடக்க ஆரம்பித்தன. என் பொய்க்கு அவையே சாட்சியாக வந்து நின்றன.

எங்கள் மேற்பார்வையாளரைக் குளவி என்போம். பேச்சில் கொட்டுவார் என்பதால். அவர் வந்து குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார், நிமிர்ந்து தாளைப் பார்த்தார். அந்தக் கிண்ணத்துக்கும் சனிக்கிழமை மாலை டிக் இருந்தது. தண்ணீர் ஊற்றாமலே டிக் போட்டிருக்கிறாய், மறதியைக்கூட மன்னிக்கலாம், பொய்க் கையெழுத்தை மன்னிக்க முடியாது என்றார். சின்னவள் ஊற்றினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்காக நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்த பார்வை அது. நான் சொன்னேன்.

"சனிக்கிழமை நீ அவசரமாத்தானே கிளம்பின."

அவ்வளவுதான். பொய்யே இல்லை. அவள் முகத்திலிருந்து பிடிவாதம் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். குழந்தை நினைப்பில் விட்டுவிட்டேனோ என்று முணுமுணுத்தாள். சற்று நேரம் கழித்து, விட்டிருப்பேன் சார் என்று அவளே ஒப்புக்கொண்டாள். செய்யாததைச் செய்ததாக ஒருத்தியை நம்பவைக்க எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அந்த வாரத்தோடு அவளை நிறுத்திக்கொள்வதாகக் குளவி சொல்லிவிட்டார்.

வீட்டில் அவள், உங்க பேச்சை நம்பிச் சேர்த்தாங்க, உங்க தலையையும் சேர்த்துக் குனிய வெச்சுட்டேனே அக்கா என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். புதன்கிழமை குளவியின் அறைக்குள் போனேன். கதவைச் சாத்திவிட்டு, சார், தப்பு என்னுடையது, கிண்ணம் நிறைந்துதான் இருந்தது, அவளை விட்டுவிடுங்கள் என்றேன். கயிற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீட்டுப் பொண்ணுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கப் பாக்கறீங்க. எனக்குப் புரியாதா? பெரிய மனசு உங்களுக்கு. ஆனா இந்தப் பேச்சு இந்த ரூமோட போகட்டும்."

அவர் நிஜமாகவே நம்பவில்லையா, நம்பாத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று தெரியும். தினமும் மூன்று மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். ஐந்து மணிக்கு எடுக்க வேண்டிய சூட்டின் அளவையும் ஈரப்பதத்தையும் அவர் எடுத்ததுபோல் அவர் ஏட்டில் எழுதுவது நான். என் மேல் யார் புகார் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. இதை நாங்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அன்று அலமாரியில் பார்த்த அதே கூட்டுத்தான். தட்டினால் ஒரு சொட்டு, சொட்டுக்கு ஒரு காவல். காய் என்ன ஆனது என்று எறும்பும் கேட்காது, பூச்சியும் கேட்காது.

நான் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். கயிறு கட்டினேன் என்ற இரண்டு சொற்கள் தொண்டையில் தயாராக இருந்தன. சொல்லவில்லை. வெளியே வந்தபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. சொல்லியாகிவிட்டது, அவர்தான் கேட்கவில்லை என்று மனசு துள்ளியது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

ரூமோடு போகட்டும் என்றவர் மறுநாள் தேநீர் வேளையில் என் பெரிய மனசைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கை கழுவுகிற தொட்டியருகில் சின்னவள் வந்து ஈரக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்கப் போனீங்களாமே அக்கா, கூடப் பிறந்தவகூடச் செய்யமாட்டா என்றாள். விடு, வேலையைப் பார் என்றேன். கையை இழுத்துக்கொண்டேன். அதையும் அவள் என் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமையோடு நின்றுவிட்டாள். கொழுந்தனுக்குக் கொண்டாட்டம். நாலு சுவருக்குள் இருந்த பெயர் இப்போ ஊருக்கே தெரிஞ்சுபோச்சு என்று கிண்டலடித்தான். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவன் சொல்வது சரிதான் என்பதுபோல் தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் அது ஆரம்பித்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். அடுப்பை அணைத்துவிட்டுக் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள், நாலடி நடந்து திரும்பித் தொட்டுப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். அக்கா, மூடியிருக்கேனா கொஞ்சம் பாருங்க, என் கண்ணை நம்ப முடியல என்பாள். நான் போய்ப் பார்த்து, மூடியிருக்கு என்று சொன்னால்தான் நகர்வாள். தன் கண்ணை நம்பாதவள் என் கண்ணை நம்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வாரவிடுமுறை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தால் அடுப்படித் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பியவள் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து நடந்து ஒரு மணி நேரம் போயிருக்கிறது. குழந்தை பள்ளி வாசலில் தனியாக நின்று அழுது, ஆசிரியை கொழுந்தனுக்குப் போன் செய்து, அவன் போய்க் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே போய்விட்டான். போனில் அவன் என்னென்ன சொன்னான் என்று அவள் சொல்லவில்லை.

"பாப்பாவ இனிமே நீங்களே பாத்துக்கங்க அக்கா," என்றாள். "என்கிட்ட விடாதீங்க. பயமா இருக்கு."

அப்படியெல்லாம் பேசாதே என்றேன். அவள் காதில் விழவில்லை.

"அன்னிக்கு அந்தக் கிண்ணத்துல தண்ணி ஊத்துனது எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. ஜன்னல்ல சாரல் அடிச்சுது, என் கை நனைஞ்சுது. அவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்கறதே பொய்னா, பாப்பா விஷயத்துல மட்டும் எதை நம்புவேன்?"

நான் பையைக் கீழே வைத்தேன். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பிடுங்கப்போவது அவள் வேலையை இல்லை, குழந்தையை. அது மண்டையில் உறைத்தது. அவ்வளவு தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஊத்தின. விளிம்பு வரைக்கும் ஊத்தியிருந்த."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேன். திங்கக்கிழமை காலைல அதுல தண்ணி இருந்துது. நான்தான் துணியால ஒத்தி எடுத்தேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, துணி, கொடி, வாளியில் அமுக்கின கயிறு, மூன்று தடவை முக்கிப் பிழிந்தது, குடைக்காரி சிரிப்பாளே என்று நினைத்தது வரைக்கும். குளவியிடம் பாதி சொல்லி மீதியை விழுங்கினதையும் சொன்னேன். திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மற்ற நாற்பத்தேழு கிண்ணங்களிலும் தண்ணீர் இருந்ததா என்றாள். இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை என்றேன். தலையை அசைத்தாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். சாவியை எடுத்து, குழந்தையைக் கூட்டிவரக் கொழுந்தனின் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனவள் ஒருமுறைகூட அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நிலைய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். பேச்சாகச் சொன்னால் பெருந்தன்மை என்று மடக்கிவிடுவார்கள், கையெழுத்துப் போட்ட தாளை அப்படி மடக்க முடியாது. ஐந்து மணி ஏட்டைப் பற்றியும் அதிலேயே எழுதினேன். குளவி அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அறைச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைக் காய் கழுவும் இடத்தில் போட்டார்கள். சின்னவளைத் திரும்பக் கூப்பிட்டு நிரந்தரமாக்கினார்கள். அவள் கேட்டது ஒன்றுதான், வேறு அறை வேண்டும் என்று.

கொழுந்தன் இப்போது பட்டப் பெயரை வாயில் எடுப்பதில்லை. அவள் எடுக்க விடுவதில்லை. பூட்டினால் பூட்டினதுதான், மூடினால் மூடினதுதான், தன் கை செய்த எதையும் அவள் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. என்னோடு ஒரே பேருந்தில்தான் வேலைக்கு வருகிறாள். ஒரே அடுப்படியில்தான் சமைக்கிறோம். வேண்டியதைக் கேட்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள்.

காலையில் நான் சமைத்து முடித்து அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவேன். அவள் உள்ளே போய், நான் மூடின குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். தினமும் பார்க்கிறாள்.